அகலத்தை மட்டும் விரிக்கும் கண்ணாடி

பழைய ஸ்கோப் லென்ஸ் ஒன்று விற்பனைக்கு வந்தால், விலையைக் கேட்பதற்கு முன் அதன் சிறிய முனையைக் கண்ணருகே வைத்து எதிரே நிற்பவரைப் பாருங்கள். அவர் ஒல்லியாகவும் நெட்டையாகவும் தெரிவார். லென்ஸைக் கையிலேயே கால் வட்டம் திருப்புங்கள். அதே ஆள் குள்ளமாகிப் பக்கவாட்டில் பருத்துவிடுவார். திருப்புகிற வழியில் ஒரு கட்டத்தில் கோணல்மாணலாகச் சாய்ந்தும் தெரிவார். சாதாரண லென்ஸை எத்தனை முறை சுற்றினாலும் காட்சி மாறாது. இது மட்டும் மாறுகிறதென்றால், ஒரு திசையில் ஒரு வேலையும் அதற்குக் குறுக்குத் திசையில் வேறு வேலையும் செய்கிறது என்று பொருள்.

வீட்டில் 16 மி.மீ. அல்லது சூப்பர் 8 புரொஜெக்டர் வைத்துப் படம் ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளில் கொஞ்சம் கூடுதல். சினிமாஸ்கோப் படத்தின் பிரிண்ட் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அவர்களுக்கு இந்த லென்ஸ் இல்லாமல் முடியாது. அது பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். நாற்பது ஐம்பது வருஷம் யாரோ ஒருவருடைய அலமாரியில் இருந்த பொருளைப் படத்தை மட்டும் பார்த்துக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதில் ஏமாறாமல் இருக்க வியாபாரத் தந்திரத்தைவிடக் கொஞ்சம் ஒளியியல் அதிகம் உதவும் என்பது என் கட்சி.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் தங்கள் கண் பரிசோதனைச் சீட்டை எடுத்துப் பார்க்கலாம். ஸ்பியர், சிலிண்டர், ஆக்சிஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். ஸ்பியர் என்பது கோள வடிவப் பரப்பு. எல்லாத் திசையிலும் ஒளியை ஒரே அளவு வளைக்கும். சிலிண்டர் என்பது உருளைப் பரப்பு. கண்ணாடி உருளை ஒன்றை நீளவாக்கில் சீவி எடுத்த துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உருளையின் வளைவு வழியே போகும் கதிர் வளையும். உருளையின் நீளத்தையொட்டிப் போகும் கதிர் தட்டைக் கண்ணாடியைத் தாண்டுவதுபோல் நேராகப் போய்விடும். அந்த உருளை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வதுதான் ஆக்சிஸ். ஸ்கோப் லென்ஸில் இருப்பதும் இதே உருளைக் கண்ணாடிதான்.

ஒரே ஓர் உருளைக் கண்ணாடியை வைத்தால் படம் மங்கும், அவ்வளவே. இரண்டு வேண்டும்: ஒன்று குவி, மற்றொன்று குழி. 1609இல் கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியிலும் ஒரு குவி லென்ஸும் ஒரு குழி லென்ஸும்தான் இருந்தன. அந்தத் தொலைநோக்கியைக் கோள லென்ஸுக்குப் பதில் உருளை லென்ஸால் கட்டினால், கிடைமட்டத்தில் மட்டும் உருவத்தைப் பெருக்கும் கருவி கிடைக்கும். மேலும் கீழும் ஒன்றும் செய்யாது. குவி லென்ஸின் குவியத் தூரம் 100 மி.மீ., குழி லென்ஸினுடையது 50 மி.மீ. என்றால் பெருக்கம் 100-ஐ 50-ஆல் வகுத்தது, அதாவது இரு மடங்கு. இரண்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி 100-லிருந்து 50-ஐக் கழித்தது, 50 மி.மீ. லென்ஸ் ஏன் இவ்வளவு நீளக் குழாயாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது.

படம்பிடிக்கும்போது இந்தக் குழாயைக் கேமராவுக்கு முன்னால் வைத்தால், அகன்ற காட்சி பக்கவாட்டில் பாதியாக நசுங்கிப் படச்சுருளில் பதியும். திரையிடும்போது சிறிய முனை புரொஜெக்டரைப் பார்க்க, பெரிய முனை திரையைப் பார்க்க வைத்தால், நசுங்கியது பழையபடி விரியும். படச்சுருளின் அகலம் மாறவில்லை, புரொஜெக்டரை மாற்ற வேண்டியதில்லை. ஒரு லென்ஸ் மட்டும் கூடுதல். ஸ்கோப்பின் வெற்றிக்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான்.

இதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தவர் சினிமாக்காரர் அல்லர், வானியலாளர். பிரான்சைச் சேர்ந்த ஆன்ரி கிரெத்தியான். ஜார்ஜ் ரிச்சியுடன் சேர்ந்து அவர் வகுத்த ரிச்சி–கிரெத்தியான் தொலைநோக்கி அமைப்பைத்தான் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியும் பயன்படுத்துகின்றன. அதே மனிதர் 1920களில் ‘ஹைப்பர்கோனார்’ என்ற உருளை லென்ஸ் தொகுதியை உருவாக்கினார். இயக்குநர் குளோத் ஒத்தான்-லாரா அதை வைத்து ஜாக் லண்டன் கதை ஒன்றைக் குறும்படமாக எடுத்தார். அதன் பிறகு சினிமா உலகம் அந்த லென்ஸைக் கால் நூற்றாண்டு மறந்தே போனது. தொலைக்காட்சி வந்து தியேட்டர்கள் காலியாகத் தொடங்கியதும் நினைவு வந்தது. 1952 கடைசியில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் கிரெத்தியானைத் தேடிப்போனது. 1953 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கின் ராக்ஸி தியேட்டரில் ‘தி ரோப்’ வெளியானது. முதல் சினிமாஸ்கோப் படம். உயரத்தைப் போல் 2.55 மடங்கு அகலம். பின்னாளில் ஒளிவழி ஒலிப்பட்டைக்கு இடம் விட்டு அது 2.35 ஆனது.

இந்தியாவில் முதல் ஸ்கோப் படம் குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’, 1959, ஒளிப்பதிவு வி. கே. மூர்த்தி. தமிழுக்கு அது வந்து சேரப் பதினான்கு வருஷம் பிடித்தது: ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் சிவாஜி நடித்த ‘ராஜராஜ சோழன்’, 1973.

ஆரம்பகால லென்ஸ்களில் ஒரு வேடிக்கையான கோளாறு இருந்தது. நடிகரின் முகத்தை நெருக்கத்தில் எடுத்தால் கன்னம் இரண்டும் உப்பித் தெரியும். ஹாலிவுட்டில் இதற்கு நோயின் பெயரையே வைத்தார்கள்: சினிமாஸ்கோப் பொன்னுக்கு வீங்கி. தூரத்தில் இருக்கும் பொருளைச் சரியாக இரண்டில் ஒன்றாக நசுக்கும் லென்ஸ், கிட்டே இருப்பதை அவ்வளவு நசுக்காது. திரையிடும்போதோ எல்லாம் ஒரே அளவில் இரு மடங்காக விரியும். குறைவாக நசுங்கிய முகம் அதிகமாக விரிந்து கதாநாயகியின் கன்னம் வீங்கும். புகைப்படக்கருவிக் கடை நடத்திய ராபர்ட் காட்ஷாக் தொடங்கிய பானாவிஷன், 1950களின் கடைசியில் எதிரெதிராகச் சுழலும் மெல்லிய உருளை லென்ஸ்களைச் சேர்த்து இதைத் தீர்த்தது. இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. விலைக்கு வந்த லென்ஸ் எத்தனை மடங்கு என்று சோதிக்கும்போது இதே பொன்னுக்கு வீங்கி உங்களையும் ஏமாற்றும்.

சோதனை எளிது. வட்டமான சுவர்க் கடிகாரத்துக்கு நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, லென்ஸின் சிறிய முனையில் கைப்பேசிக் கேமராவை ஒட்டவைத்துப் படம் எடுங்கள். படத்தில் கடிகாரம் முட்டை வடிவில் நிற்கும். உயரத்தை அகலத்தால் வகுங்கள். 2 வந்தால் இரு மடங்கு லென்ஸ். கடிகாரத்துக்கு மிக அருகில் போய் எடுத்தால் இரு மடங்கு லென்ஸ்கூட அதைவிடக் குறைவாகக் காட்டும். எனவே தள்ளி நின்றே எடுக்க வேண்டும்.

இந்த எண்ணில் ஏன் இவ்வளவு கவனம்? சந்தையில் 1.33, 1.5, 1.75, 2 என்று பல மடங்குகளில் லென்ஸ்கள் புழங்குகின்றன. ஸ்கோப் பிரிண்ட் இரு மடங்கு நசுக்கப்பட்டது. 16 மி.மீ.யிலும் சூப்பர் 8-இலும் ஒரு சட்டகத்தின் அகலம் உயரத்தைப் போல் 1.33 மடங்கு. அதை இரண்டால் பெருக்கினால் 2.66 வரும்; பல பிரிண்ட்களில் ஓரத்தைக் கறுப்பாக விட்டு 2.35-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். 1.5 மடங்கு லென்ஸை மாட்டினால் ஆட்கள் எல்லோரும் முக்கால் அகலத்தில் நோஞ்சானாக உலவுவார்கள். இன்று ஹோம் தியேட்டருக்கென்று விற்கும் 1.33 மடங்கு லென்ஸ்கள் டிஜிட்டல் புரொஜெக்டரின் 16:9 படத்தை ஸ்கோப் அகலத்துக்கு நீட்டுவதற்காகச் செய்தவை. பளபளவென்று புதிதாக இருக்கும். படச்சுருள் ஓட்டுபவருக்குப் பயன்படாது.

இதற்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு: உங்களிடம் இருப்பது ஸ்கோப் பிரிண்ட்தானா? ஸ்கோப்பில் எடுத்த படங்கள் பலவற்றைத் தொலைக்காட்சிக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி இருபுறமும் வெட்டிச் சாதாரண அளவில் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். சுருளில் ஓர் அடி பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆட்கள் ஒல்லியாக நெடுநெடுவென்று நின்றால் ஸ்கோப். இயல்பாக இருந்தால் லென்ஸ் வாங்கும் செலவு மிச்சம்.

சூப்பர் 8 கோடாக் நிறுவனத்திலிருந்து 1965இல் வந்தது, 16 மி.மீ. அதற்கும் 42 வருஷம் மூத்தது, 1923. இங்கிலாந்தின் டட்லி நகரத்தில் இருந்த டெரான் நிறுவனம் முழுநீளப் படங்களையே சூப்பர் 8 ஸ்கோப் பிரிண்ட்களாக விற்றது. அந்தக் காலத்தில் வீட்டு ஸ்கோப் லென்ஸ்களும் தாராளமாகக் கிடைத்தன. ஜப்பானின் கோவா, சாங்கோர், எல்மோ, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து இஸ்கோ, ஹாம்பர்க் அருகே வேடல் ஊரைச் சேர்ந்த மோலர் ஆகிய பெயர்களைத்தான் பழைய சாமான் சந்தையில் அடிக்கடி பார்ப்பீர்கள். கோவா, மருந்தும் தயாரிக்கும் நகோயா நிறுவனம். அதன் லென்ஸ்கள் பெல் அண்ட் ஹோவெல் பெயரிலும் விற்றன. பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று என்பது தெரிந்தால் பேரம் பேச வசதி.

வாங்க ஆளில்லாமல் தூசி படிந்து கிடந்த இந்த லென்ஸ்களுக்கு 2008-க்குப் பிறகு திடீர் மவுசு வந்தது. அந்த வருஷம் வெளிவந்த கேனான் 5டி மார்க் 2 போன்ற ஸ்டில் கேமராக்கள் நல்ல தரத்தில் வீடியோவும் எடுத்தன. சின்னப் பட்ஜெட்டில் சினிமா எடுக்க நினைத்த இளைஞர்கள், பழைய புரொஜெக்டர் லென்ஸைக் கேமரா முன்னால் மாட்டி ஸ்கோப் எடுக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். விளக்கு எதிரே வந்தால் திரைக்குக் குறுக்கே ஓடும் நீலக் கீற்று, பின்னணியில் முட்டை வடிவில் மங்கும் ஒளிப்புள்ளி எல்லாம் அவர்களுக்கு அழகு. உருளைப் பரப்பில் பட்டுத் தெறித்த ஒளிதான் அந்தக் கீற்று. படம் ஓட்டுபவருக்கு அது வெறும் தொல்லை. கறுப்பைச் சாம்பலாக்கும் வெளிச்சம். ஒருவர் குறை என்று கழிக்கும் லென்ஸை மற்றவர் கலை என்று வாங்குகிறார், விலையும் ஏறுகிறது. இஸ்கோராமா போல, ஒரே வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸ் ஆகிவிடும் 1.5 மடங்கு லென்ஸ்களுக்கு வீடியோக்காரர்கள் கொடுக்கும் விலையோடு போட்டி போடாதீர்கள். நமக்கு அது தேவையும் இல்லை.

நமக்குத் தேவையானது பின்கண்ணின் அகலம். புரொஜெக்டரை நோக்கியிருக்கும் அந்தக் கண்ணாடியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று விற்பவரைக் கேளுங்கள். புரொஜெக்டர் லென்ஸின் குவியத் தூரத்தை அதன் எஃப் எண்ணால் வகுத்தால், அதிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் தடிமன் ஏறத்தாழத் தெரியும். சூப்பர் 8 புரொஜெக்டரில் 20 மி.மீ., எஃப் 1.3 லென்ஸ் இருந்தால் கற்றை 15 மி.மீ.யைச் சற்றே தாண்டும். 16 மி.மீ. புரொஜெக்டரின் 50 மி.மீ., எஃப் 1.6 லென்ஸில் அது 31 மி.மீ. சூப்பர் 8-க்குச் செய்த குட்டி லென்ஸை 16 மி.மீ. மெஷினில் மாட்டினால் ஒளியில் பாதி உலோக விளிம்பில் முட்டி நின்றுவிடும். திரையின் ஓரங்கள் இருளும். கற்றை வெளியே வரவர விரிந்துகொண்டும் போகும் என்பதால், இரண்டு லென்ஸுக்கும் நடுவே இடைவெளி விடாமல் நெருக்கிவைக்க வேண்டும்.

அளவு பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்கோப்பில் அதே ஒளி இரு மடங்கு பரப்பில் சிதறுவதால் திரையின் வெளிச்சம் சரிபாதி. 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் பல்பு போட்ட 16 மி.மீ. மெஷின் இதைத் தாங்கும். 12 வோல்ட், 100 வாட் பல்பு போட்ட சூப்பர் 8 மெஷின் திணறும். வெளிச்சத்தை மீட்க எஃப் 1.6-க்குப் பதில் எஃப் 1.2 லென்ஸ் போட்டால் சுமார் 1.8 மடங்கு ஒளி கூடும். ஆனால் கற்றையின் தடிமனும் 42 மி.மீ. ஆகிவிடும். அதற்கேற்ற பெரிய ஸ்கோப் லென்ஸ் தேட வேண்டும், அது கனக்கும், விலையும் கூடும். தியேட்டர் ஒழித்துக்கட்டியபோது கிடைத்த 35 மி.மீ. லென்ஸ் இருக்கிறதே என்று சிலர் அதைத் தூக்கிவருவார்கள். நீண்ட கொட்டகைக்காகச் செய்த லென்ஸ் அது. நான்கு மீட்டர் அறையில் ஃபோகஸ் ஆகும் அளவுக்கு அதன் வளையம் பல வேளைகளில் திரும்புவதே இல்லை.

திரையை எவ்வளவு பெரிதாக வைப்பது என்றும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். 16 மி.மீ. சட்டகத்தில் திரைக்குப் போகும் பகுதி 9.6 மி.மீ. அகலம், 7.2 மி.மீ. உயரம். 50 மி.மீ. லென்ஸோடு ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் படம் 96 செ.மீ. அகலம், 72 செ.மீ. உயரம். ஸ்கோப் லென்ஸை மாட்டியதும் உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் 192 செ.மீ. ஆகும். சுவரில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

இனி ஃபோகஸ். ஸ்கோப் லென்ஸ் கிடைமட்டத்தில் மட்டும் வேலை செய்வதால், அதன் ஃபோகஸ் பிசகினால் படம் கிடைமட்டமாக மட்டுமே இழுபட்டு மங்கும். அப்போது செங்குத்துக் கோடுகள் தடித்து மங்க, படுக்கைக் கோடுகள் கூர்மையாக நிற்கும். ஆகவே இரண்டு தடவை ஃபோகஸ் செய்ய வேண்டும். படத்தின் அடியில் ஆங்கில சப்டைட்டில் ஓடினால் நல்ல வசதி. ‘E’ என்ற பெரிய எழுத்தில் மூன்று படுக்கைக் கோடும் ஒரு செங்குத்துக் கோடும் இருக்கின்றன அல்லவா? மூன்று படுக்கைக் கோடும் தெளியும்வரை புரொஜெக்டர் லென்ஸைத் திருகுங்கள். பிறகு அதைத் தொடாமல், செங்குத்துக் கோடு தெளியும்வரை ஸ்கோப் லென்ஸின் வளையத்தைத் திருப்புங்கள். இரண்டும் எந்த நிலையிலும் ஒன்றுசேராத லென்ஸ் என்றால், யாரோ அதைப் பிரித்துத் துடைத்துவிட்டுக் கண்ணாடிகளைக் கோணம் தப்பி மாட்டியிருக்கிறார்கள். உருளை அச்சுகள் இரண்டும் இணையாக இல்லாத லென்ஸை எந்த வளையமும் திருத்தாது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

லென்ஸ் நன்றாக இருந்தும் அதை மாட்டிய கோணம் பிசகினால் படம் இணைகரமாகச் சாயும். இதைச் சோதிக்கப் படச்சுருளே தேவையில்லை. சுருள் போடாமல் விளக்கை எரியவிட்டால், சட்டகம் நிற்கும் திறப்பான ‘கேட்’டின் செவ்வகம் திரையில் விழும். அதன் பக்கங்கள் நிமிர்ந்து நிற்கும்வரை லென்ஸை அதன் தாங்கிக்குள் சுற்றுங்கள். மூன்று டிகிரி பிசகினாலே 72 செ.மீ. உயரப் படத்தின் பக்கக்கோடு உச்சியில் ஏறத்தாழ 4 செ.மீ. சாய்ந்துவிடும். இதனால்தான் தாங்கி முக்கியம். லென்ஸை மட்டும் விற்றுத் தாங்கியைத் தொலைத்திருப்பவர்கள் ஏராளம். லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கூலியை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

கண்ணாடியின் உடல்நலம் பார்க்க ஒரு டார்ச் போதும். விற்பவர் தொலைவில் இருந்தால், லென்ஸுக்குள் டார்ச் அடித்து இரு முனையிலிருந்தும் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். வெளிப்பரப்பில் தெரியும் ஒன்றிரண்டு கீறல்களைக் கண்டு மிரள வேண்டாம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளி லென்ஸின் முழுப் பரப்பிலிருந்தும் வருகிறது. நூறில் ஒரு பங்கை மறைக்கும் கீறல் நூறில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் குறைக்கும், அதன் உருவம் திரையில் விழாது. கீறலைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பயப்பட வேண்டியது பரப்பு முழுவதும் பனி படர்ந்ததுபோல் தெரியும் மங்கலுக்குத்தான். அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்து, இரவுக் காட்சியைச் சாயங்காலம் ஆக்கிவிடும்.

விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டுப் பிரிகிறது என்று பொருள். பழைய லென்ஸ்களில் இரண்டு கண்ணாடிகளைக் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருப்பார்கள். வயதாக ஆக அது விட்டுக்கொடுக்கும். உள்ளே புகுந்த மெல்லிய காற்றுப் படலம்தான் நிறம் காட்டுகிறது. ஓரத்தில் சிறிதளவு இருந்தால் சமாளிக்கலாம், நடுவுக்கு வந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. அனுபவமுள்ள லென்ஸ் மெக்கானிக் சரிசெய்வார். குறடு வைத்துத் திருக முயன்றால் குழாய் நசுங்கும்.

மிச்சம் இருப்பது பூஞ்சை. சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும். நாள்பட்டதென்றால், அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தழும்பை நிரந்தரமாக்கிவிடும். ஜெர்மனியிலிருந்து சுத்தமாக வந்த லென்ஸ்கூடச் சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் சில மழைக்காலங்களில் பூஞ்சை பிடித்துவிடலாம். லென்ஸோடு வரும் அழகான தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை அலங்காரத்துக்கு வைத்துவிட்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு லென்ஸைப் போடுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி வையுங்கள். மாதம் ஒரு தடவையாவது எடுத்து மாட்டிப் படம் ஓட்டுங்கள்.